வலைக்கூடாரத்துச் சேதிகள்

இதை எழுத வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். எழுதினால் கதை என்று நினைத்துவிடுவார்களாம். நினைப்பவர்கள் நினைக்கட்டும். நான் பதினான்கு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். குழாயின் மேல் நேரத்தை எழுதி ஒட்டாமல் அடுத்த ஆளின் கையைத் தொடமாட்டேன். எங்கே போனாலும் அந்தப் பழக்கம் கூடவே வந்துவிடும். அதனால் இதில் வரும் நேரங்கள் எல்லாம் சரியானவை. மற்ற எதற்கும் என்னிடம் விளக்கம் கிடையாது. ஆனால் நடந்தது. எனக்கும் என் குழந்தைக்கும் நடந்தது.

அந்தச் சனிக்கிழமை, நானும் என் கணவரும் பேச்சை நிறுத்தி நாற்பத்து மூன்றாவது நாள்.

என்ன சண்டை என்று கேட்காதீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை என்பதுதான் அதில் பெரிய அவமானம். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் எது நின்றாலும் இறங்கிப் போய்ச் சரிசெய்துவிட்டு வருவார். வீட்டில் பேச்சு நின்றதும் பெட்டியை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டு மாடிக்குப் போய்விட்டார். நானும் தடுக்கவில்லை. யார் முதலில் வாயைத் திறப்பது என்பது எங்கள் இருவருக்கும் உயிர்போகிற விஷயமாக ஆகிவிட்டிருந்தது.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு வாய்தான் வேலை செய்தது. எங்கள் மகளின் வாய். ஏழு வயது. மிளகு என்று கூப்பிடுவோம். ஆள் அத்தனை சிறிது, பேச்சு அத்தனை காரம்.

"அப்பாகிட்ட சொல்லு, ஸ்கூல்ல கையெழுத்துக் கேக்கறாங்கன்னு."

"அம்மாகிட்ட சொல்லு, பேனா எங்கிட்டயும் இருக்குன்னு."

அவள் இரண்டு பக்கமும் ஓடுவாள். ஒரு சொல் கூடாமல் குறையாமல் கொண்டுவந்து சேர்ப்பாள். ஆரம்பத்தில் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. பிறகு விளையாட்டாக இல்லை. எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலையில் வக்கீலம்மாவிடம் நாங்கள் ஒரு பதிலைச் சொல்ல வேண்டும். குழந்தை இனி யாரோடு என்ற பதில். அவளாக வாய்திறந்து சொல்லட்டும், இரண்டு பேரும் துருவிக் கேட்கக் கூடாது என்று ஏற்பாடு. சனி, ஞாயிறு இரண்டு நாட்கள்தான் மீதி.

ஏரிக்கரையில் முகாம் போடும் இடம் ஒன்று. நல்லபடியாக இருந்தபோது, மூன்று மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தது. மிளகு காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அந்த வட்டத்தை அழிக்க எங்கள் இருவருக்கும் தைரியமில்லை. போனோம். நான் அவளோடு என் காரில். அவர் தனியாகத் தன் காரில்.

எங்களுக்குக் கொடுத்தது ஒன்பதாம் எண் இடம். முன்னால் ஏரி. பின்னால் வரிசையாக மரங்கள். அக்கம்பக்கத்து இடங்கள் காலியாகக் கிடந்தன.

மாலை 5.12. கூடாரத்தைப் பிரித்தோம்.

அது படுக்கிற கூடாரம் அல்ல. ஆறு பக்கமும் வலை, மேலே மட்டும் துணிக்கூரை. அடியில் தரைத்துணி கிடையாது. புல்லின்மேல் நிறுத்தி, உள்ளே பாயும் நாற்காலிகளும் போட்டுக்கொண்டால் காற்று வரும், கொசு வராது. ஒரு அறையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி. கம்பிகளை ஏற்கெனவே குடைக்கம்பி போலக் கோத்திருப்பார்கள். தரையில் பரப்பிவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இருக்கும் பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தால் 'டப்' என்று அந்தப் பக்கம் விறைத்து நிற்கும். ஆறும் நின்றபின் ஒருவர் உள்ளே நுழைந்து, தொங்கும் கூரையின் நடுவை இரண்டு கையாலும் மேலே தள்ள வேண்டும். இரண்டு பேருக்கு ஐந்து நிமிட வேலை. பேசிக்கொள்கிற இரண்டு பேருக்கு.

மூன்று பக்கங்களை நான் இழுத்தேன். மூன்றை அவர். டப். டப். டப். கூரை நடுவில் பள்ளமாகத் தொங்கியது. நான் மண்டியிட்டு ஒரு பட்டையின் முறுக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது தலைக்கு மேல் பெரிய 'டப்'.

கூரை எழும்பி நின்றுவிட்டது.

உள்ளே நுழைந்து தள்ளிவிட்டார் போலிருக்கிறது. 'நுழையப்போகிறேன்' என்று ஒரு கனைப்பாவது கனைக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்தேன். அவர் தன் கார்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் சுத்தியல், இன்னொன்றில் முளைகள் இருந்த பை. கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'தனியாகவே தள்ளிவிட்டாளே' என்பதுபோல ஒரு பார்வை.

மிளகு ஐம்பது அடி தள்ளி, குழாயடியில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டிருக்கலாம். அவரும் கேட்டிருக்கலாம். நாற்பத்து மூன்று நாள் பிடித்துவைத்த பிடிவாதத்தை ஒரு கூரைக்காகவா விடுவது? முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் முளைகளை அடித்தார். கயிறுகளை இழுத்துக் கட்டினார். நான் பாய் விரித்தேன். மேசையைப் போட்டேன். கூரை நடுவிலிருந்த கொக்கியில் விளக்கை மாட்டினேன். வலையின் கீழ் ஓரம் தரையில் படிய ஒரு சாண் அகலத்துக்குத் துணிப்பட்டை உண்டு. பூச்சி நுழையாதபடி அதன்மேல் கனம் வைக்க வேண்டும். கல் பொறுக்கலாம் என்று வெளியே வந்தால்... ஏற்கெனவே வைத்திருந்தது. சுற்றிலும், ஒரே அளவான கற்கள், இடைவெளி பிசகாமல். அவர் வேலை அப்படித்தான் இருக்கும். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன்.

ஈரம். ஏரியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஈரம்.

அவருடைய கைகளும் கால்சட்டையும் உலர்ந்துதான் இருந்தன. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

6.30க்கு இருட்டியது. விளக்கைப் போட்டேன். வலைக்கூடாரத்தில் ஒரு குணம் உண்டு, அன்றுதான் தெரிந்துகொண்டேன். உள்ளே விளக்கு எரிந்தால் வலை சுவராகிவிடும். வெளியே எதுவும் தெரியாது. வெளியே நிற்பவர்களுக்கோ உள்ளே இருக்கும் கடுகும் தெரியும்.

6.55. மிளகு ஜிப்பைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அம்மா, உங்க காரை அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தணுமாம். அப்பா சொல்றாரு."

"ஏன், பார்த்தா கண்ணு கூசுதாமா?"

"அது சொல்லல."

எடுத்து நிறுத்தினேன். கூடாரத்துக்கு இடதுபுறம், ஒரு மேட்டுக்குப் பின்னால். திரும்பி வந்தபோது அவர் தன் காரை வலதுபுறம் மரங்களுக்குப் பின்னால் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். இனி ஒரு காரிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாது. நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன்.

8.05. சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்தேன். மூன்று தட்டு வைத்தேன். ஆமாம், மூன்றுதான் வைத்தேன். கோபம் வேறு, பசி வேறு.

"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

போனாள். வந்தாள்.

"அப்பாவுக்குப் பசிக்கலையாம். நம்மளைச் சாப்பிடச் சொன்னாரு."

"ரொம்பத்தான்..."

மூன்றாவது தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். அப்போது ஒன்று கண்ணில் பட்டது. அவர் கார் இருந்தது மரங்களின் பக்கம். மிளகு வந்தது ஏரிப் பக்கமிருந்து. கவுனின் ஓரம் நனைந்திருந்தது.

"தண்ணிக்கிட்ட போனியா?"

"இல்லையே." சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாப்பிடலாம்மா."

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கு நடுவில் ஓடுகிற குழந்தை என்னவெல்லாம் கற்றுக்கொள்ளும் என்று நான் யோசித்ததே இல்லை.

9.20. பாயில் படுத்திருந்தவள் எழுந்து வெளியே போனாள். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தாள். இந்தத் தடவை உள்ளே நுழையவில்லை. வலைக்கு வெளியிலேயே நின்றாள்.

"அம்மா, காத்து பெருசா வருமாம். ராத்திரி இங்க இருக்க வேண்டாமாம். கிளம்பலாம்னு அப்பா சொல்றாரு."

ஓர் இலைகூட அசையவில்லை.

"காத்தா? ஒரு ராத்திரி எங்கூட ஒரே இடத்துல இருக்க முடியலைன்னு சொல்லச் சொல்லு."

"சொல்லவா?"

"வேண்டாம். ஒண்ணும் சொல்லாத."

"நான் பாத்ரூம் போயிட்டு வரேன்."

"டார்ச் எடுத்துக்கோ. சீக்கிரம் வா."

குளியலறைக் கட்டடம் இருநூறு அடி தூரத்தில். டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே போவதை ஜிப்பைத் திறந்து கொஞ்சம் பார்த்தேன். பிறகு வேலையில் இறங்கினேன். பாத்திரம், நாற்காலி, போர்வை. ஒவ்வொன்றையும் கோபத்தோடு டிக்கியில் எறிந்தேன். மரங்களுக்குப் பின்னால் அவரும் டிக்கியில் எதையோ எறியும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரே தாளத்தில் எறிந்துகொண்டிருந்தோம். விளக்கையும் கழற்றி எடுத்துக்கொண்டேன். பாயையும் கூடாரத்தையும் விட்டுவிட்டேன். வாங்கியவர் மடிக்கட்டும்.

9.48. விளக்கை அணைத்து டிக்கிக்குள் வைத்தேன். குனிந்தபடியே இருந்தேன்.

என் முதுகுக்குப் பின்னால், இரண்டடி தள்ளி...

"அம்மா. நான் அப்பா கார்ல வரேன்."

மிளகின் குரல்தான். அவளுடைய அந்தக் கொஞ்சம் மூக்கடைத்த குரல்.

நான் திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை என்று அதற்குப் பிறகு ஆயிரம் தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அழுதுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். திங்கட்கிழமைக்கான பதில் வந்துவிட்டது. யாரும் துருவாமல், அவளாகவே சொல்லிவிட்டாள். அழுத முகத்தைக் காட்டினால் அவள் மனம் மாறிவிடுவாள். அப்படி மாற்றிப் பெற்றுக்கொண்டால் அது நான் திருடியதாகிவிடும். அப்படித்தான் நினைத்தேன். இல்லை, முழு உண்மையையும் சொல்கிறேன். அவள்மேலும் எனக்குக் கோபம். ஏழு வயதுக் குழந்தைமேல்.

"சரி. போ."

சரளைக்கல்லில் சின்னக் காலடிகள் ஓடின. வலதுபுறம் ஒரு கார்க்கதவு மூடும் சத்தம்.

9.53. கிளம்பினேன். ஏரியிலிருந்து பெரிய சாலைக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. பின்னால் அவர் காரின் விளக்குகள் வந்தன. ஒரு வளைவில் கண்ணாடியில் பார்த்தேன். அவருக்குப் பின்னால், இருக்கையின் நடுவில், சின்னத் தலை ஒன்று. நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

தூங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முக்கில் அவர் வலது பக்கம் திரும்பினார். நான் இடது பக்கம்.

10.21. பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். பெட்ரோல் தேவைப்படவில்லை. வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. அங்கே நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை என் காரில்தான் இருக்கிறது. அவர் காரில் இல்லை. பெல்ட் அவள் கழுத்தில் அறுக்கும்.

அவளிடம் சொல்லி அனுப்பலாம் என்றுதான் மனம் முதலில் ஓடியது. பிறகுதான் உறைத்தது. அனுப்ப ஆள் இல்லை. ஆள் அங்கே இருக்கிறாள்.

போனை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.

10.24. அழைத்தேன். ஒரே மணியில் எடுத்தார். வண்டியின் இரைச்சல். அவர் பேசவில்லை. நான்தான் பேசினேன். நாற்பத்து மூன்று நாளில் முதல் பேச்சு.

"பெல்ட்டை இடுப்போட போடுங்க. கழுத்துல படாம பாத்துக்கங்க."

அவர் ஹாரன் அடித்து எதையோ தாண்டினார்.

"யாருக்கு?"

"யாருக்கா? மிளகுக்கு."

வண்டியின் இரைச்சல் நின்றது. ஓரம்கட்டிவிட்டார்.

"அவ... உன்கூடத்தானே இருக்கா?"

"விளையாடாதீங்க."

"நான் அம்மா கார்ல போறேன்னு வந்து சொன்னாளே. டிக்கியில சாமான் வெச்சிட்டிருந்தேன். பின்னாடி வந்து நின்னு சொன்னா."

"நீங்க திரும்பிப் பாத்தீங்களா?"

மெதுவாகச் சொன்னார்.

"இல்ல. ஆனா வழியில பாத்தேன். உன் கார்ல. பின் சீட்ல. தலை தெரிஞ்சுது."

நான் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் எனக்குத் தெரியாது.

பின் இருக்கையில் யாருமில்லை.

குழந்தை இருக்கையின் பெல்ட் மட்டும் போட்டிருந்தது. குறுக்கே, இறுக்கமாக. உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல.

அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. போனைத் துண்டிக்கவில்லை. அவரும் துண்டிக்கவில்லை. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"வரேன்... வரேன்... வரேன்..."

10.43. மண்பாதையின் கடைசி வளைவு.

கூடாரம் தெரிந்தது.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் விளக்கு என் டிக்கியில் இருக்கிறது. நானே அணைத்து வைத்தேன்.

வெளியே நிற்பவர்களுக்கு உள்ளே எல்லாம் தெரியும். தெரிந்தது. பாயில் மிளகு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே இன்னொரு சிறுமி. என் பக்கம் முதுகு. முழங்காலோடு முழங்கால் தொட, குனிந்து, எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். மிளகு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பாடம் கேட்பதுபோல.

கார் நின்றது. கதவைத் திறந்த நேரம்தான். மறுபடி பார்த்தபோது மிளகு மட்டும் இருந்தாள்.

ஓடினேன். ஜிப்பை இழுத்தேன். வரவில்லை. உள்ளேயிருந்து எதையோ வைத்துக் கட்டியிருந்தது.

"மிளகு! திற!"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அவளுக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன். அவளுக்கு வலை சுவர்.

"திறக்கக் கூடாது."

"யார் சொன்னா?"

"அம்மா."

"நான்தாண்டி அம்மா!"

"வெளியிலேர்ந்து அம்மா குரல்ல கூப்பிடுவாங்களாம். அப்பா குரல்லயும் கூப்பிடுவாங்களாம். திறக்கக் கூடாதாம். அம்மா சொல்லி அனுப்பினாங்க."

10.45. அவர் கார் வந்தது. இறங்கி ஓடிவந்தார்.

"என்ன ஆச்சு?"

"உள்ள இருக்கா. திறக்க மாட்டேங்கறா."

"கத்தி இருக்கா?"

"உங்ககிட்ட இல்லையா?"

"அக்கா வீட்ல..."

உள்ளே மிளகு அழ ஆரம்பித்தாள். பின்னால் நகர்ந்தாள். வெளிச்சம் குறைந்த மூலையை நோக்கி.

"நீங்க அப்பா அம்மா இல்ல."

"ஏண்டா கண்ணு? அப்பாதாண்டா..."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறீங்க. எங்க அப்பாவும் அம்மாவும் பேசிக்க மாட்டாங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் அவர் முகம் எவ்வளவு கிழடுதட்டிப் போயிருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன்.

மூலையில், அவளுக்குப் பின்னால், வலை மெதுவாக வெளிப்பக்கம் பிதுங்கியது. உள்ளேயிருந்து யாரோ சாய்ந்ததுபோல. ஒரு சின்ன முதுகின் அளவுக்கு.

பழைய குரலை வரவழைத்தேன். கோபமாக. எப்போதும்போல.

"மிளகு. அப்பாகிட்ட சொல்லு, குழந்தையை இப்பவே வெளிய கூட்டிட்டு வரணும்னு."

அவள் அழுகையை நிறுத்தினாள்.

பக்கத்தில் நிற்கும் அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு அவரும் அந்தக் குரலை எடுத்தார்.

"அம்மாகிட்ட சொல்லு... எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்னு."

மிளகு எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றாள் வலையைப் பார்த்து, "அப்பா சொல்றாரு, அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாமாம்."

சொல்லிக்கொண்டே ஜிப்பின் பக்கம் வந்தாள். குனிந்தாள். கட்டை அவிழ்த்தாள்.

சர்ர்ர்...

விளக்கு அணைந்தது.

கையை நீட்டினேன். ஒரு கை கிடைத்தது. சின்னக் கை. சில்லென்று. ஈரமாக.

"அம்மா?" என்றாள் மிளகு.

குரல் வந்தது என் கையில் இருந்த கைப்பக்கமிருந்து அல்ல. இடதுபுறமிருந்து.

விட்டேன். கத்தினேன். அவர் டார்ச் அடித்தார். வாசலில் மிளகு நின்றுகொண்டிருந்தாள். தூக்கினார். ஓடினோம். அவர் காருக்குள் மூன்று பேரும்.

பின்னால் ஒரு சத்தம். டப்.

கூடாரத்தின் ஒரு பக்கம் மடங்கியது. டப். இன்னொரு பக்கம். யாரோ நிதானமாக, ஒவ்வொன்றாக மடித்து வைப்பதுபோல. டப். டப். டப். டப்.

என் கார் அங்கேயே நின்றது. அந்த இரவு அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

பெரிய சாலை வரும்வரை யாரும் பேசவில்லை. பிறகு நிறுத்தாமல் பேசினோம். காரைத் தள்ளி நிறுத்தும்படி அவர் சொல்லவே இல்லை. 'உங்க கார் அம்மா கண்ணுல படக் கூடாதாம்' என்றுதான் அவருக்குச் சேதி போயிருக்கிறது. பசிக்கவில்லை என்றும் அவர் சொல்லவில்லை. அவருக்குச் சாப்பாடு கொண்டுவரவில்லை என்று நான் சொன்னேனாம். பட்டினியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். காற்று வரும் என்று யாரும் சொல்லவில்லை. 'அம்மாவுக்கு உங்ககூட இருக்கப் பிடிக்கலையாம், கிளம்பணுமாம்' என்பதுதான் அவருக்கு வந்த சேதி.

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டேன். மிளகு என் மடியில் இருந்தாள்.

"அந்த அக்கா. நான் உங்ககிட்ட வர்றப்போ வழியில வந்து சொல்லுவா, அப்பா இப்படிச் சொன்னாருன்னு. அப்பாகிட்ட போறப்போ, அம்மா அப்படிச் சொன்னாங்கன்னு. நீ அலைய வேண்டாம், நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்னா."

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் கேக்கவே இல்லையே." பிறகு சொன்னாள். "அவளுக்கு நல்லா தெரியும்மா. அவங்க வீட்லயும் அவதான் சொல்லுவாளாம்."

"நாங்க போற சத்தம் கேக்கலையா?"

"கேட்டுது. பாத்ரூம் வாசல்ல அவகூட இருந்தேன். பெட்ரோல் போடப் போறாங்க, வந்துருவாங்கன்னா. வரலேன்னாலும் பரவாயில்ல, கொஞ்ச நாள் போனா பழகிடும்னா."

திங்கட்கிழமை வக்கீலம்மாவிடம் நாங்கள் பதில் எதுவும் சொல்லவில்லை. அவகாசம் கேட்டோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி இல்லை. இன்றும் சண்டை போடுகிறோம். ஆனால் சத்தமாக, நேருக்கு நேராக.

புதன்கிழமை பகலில் என் காரை எடுக்க அவர் தன் கூட்டாளி மெக்கானிக்கோடு போனார். ஒன்பதாம் இடத்தில் கூடாரம் மடித்து, பையில் போட்டு, வாய் கட்டி வைத்திருந்ததாம். தொடவில்லை. திரும்பும்போது வாசலில் இருந்த காவலாளியிடம் கேட்டிருக்கிறார். என்னையும் போனில் சேர்த்துக்கொண்டார். அந்த மனிதர் முதலில் எங்களைத்தான் திட்டினார்.

"உங்க ரசீதுல ஒரு வண்டின்னு இருக்கு. நீங்க ரெண்டு வண்டியில வந்திருக்கீங்க. தெரிஞ்சிருந்தா அந்த இடத்தைக் கொடுத்திருக்கவே மாட்டேன். ரெண்டு வண்டிக்காரங்களுக்கு ஒன்பதாம் நம்பர் கொடுக்கறதில்ல."

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் அப்படி வந்ததாம். அவர்களும் வலைக்கூடாரம்தான் போட்டார்களாம். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. ராத்திரி தனித்தனியாகக் கிளம்பியிருக்கிறார்கள். குழந்தை அப்பாவோடு இருக்கிறாள் என்று அம்மா நினைத்தாள். அம்மாவோடு இருக்கிறாள் என்று அப்பா நினைத்தார். கேட்டுக்கொள்ள இருவருக்கும் மனம் வரவில்லை.

"எப்ப போன் பண்ணிக்கிட்டாங்க?" என்று கேட்டேன்.

"மூணு நாள் ஆச்சும்மா."

நாங்கள் முப்பத்தோரு நிமிடத்தில் பேசிவிட்டோம்.

"அந்தப் பொண்ணு?"

"கிடைக்கலை. ஏரியெல்லாம் தேடினாங்க. கூடாரம் மூடினபடி இருந்துது, ஜிப்பு உள்பக்கம் கட்டியிருந்துது. உள்ள யாருமில்ல."

பிறகு, கேட்காமலேயே, காவலாளி தானாகச் சொன்னார்.

"அவங்க ரெண்டு பேரும் வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு வருவாங்க. அம்மா காலையில, அப்பா சாயங்காலம். இன்னிக்கு வரைக்கும் பேச்சில்ல. ஏதாவது சொல்லணும்னா என்கிட்ட சொல்லி வெச்சிட்டுப் போவாங்க, அவர் வந்தா சொல்லிடுங்கன்னு. நானும் சொல்லலாம்னு போவேன்..."

"ம்..."

"நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவர், 'தெரியும், சொல்லிட்டா'ம்பாரு."